பாலக்கரையில் கேட்ட அப்பாடா

ஸ்டெல்லா செத்துப்போனாள் என்று சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு ஓடினேன். வந்து கதவைத் திறந்தவளே ஸ்டெல்லாதான்.

ஊருக்குப் போய்வந்து எழுதுகிறவர்கள் மலைக்கோட்டையில் தொடங்குவார்கள், காவிரியில் தொடங்குவார்கள். எனக்கு அந்த நிதானமெல்லாம் இந்தத் தடவை இல்லை. ஒரு படத்தை நம்பிக் கிளம்பியவள் நான். அதனால் அந்தப் படத்தைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும்.

வேலைக்குப் போகிற ரயிலில் நின்றுகொண்டே போனைத் திறந்தேன். ஜெனியின் ஸ்டேட்டஸ். ஜெனி ஸ்டெல்லாவின் ஒரே மகள், தில்லை நகரில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீசில் டிசைனர். சாம்பல் நிறத்தில் பெரிய காலி இடம். நடுவில் மெல்லிய வெளிச்சத்தில் ஒரு முகம். ஓரத்தில் ஒரு வெள்ளை இறகு. அடியில் தலைமுடி கனத்தில் ‘ஃபாரெவர்’ என்று ஆங்கிலத்தில் ஒரே சொல். பின்னால் பியானோ. பெயர் இல்லை, வயது இல்லை, தெரு இல்லை, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதும் இல்லை. இப்போது இதுதான் நாகரிகமாம். காலி இடம் நிறைய இருக்கவேண்டும், எழுத்து கண்ணுக்குத் தெரியக்கூடாது.

ஆனால் முகம் தெரிந்தது. உருண்டைக் கன்னம், மாசுமருவில்லாத தோல், உதட்டோரத்தில் பாதிச் சிரிப்பு. ஸ்டெல்லா. மகள் போட்ட அஞ்சலிப் படத்தில் அம்மாவின் முகம் இருந்தால் வேறென்ன நினைப்பது? எங்கள் கல்லூரித் தோழிகள் குழுவில் அதற்குள் மெழுகுவத்தியாக ஏற்றியிருந்தார்கள். ஒருத்தி கவிதையே எழுதிவிட்டாள். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. ஜெனியும் எடுக்கவில்லை. சரி, சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஸ்டெல்லாவின் அக்கா பெர்னதெத்துக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். “அக்கா, கிளம்பிட்டேன். நீங்க தைரியமா இருங்க. நீங்க உடைஞ்சா ஜெனியை யார் பாத்துக்குவா?”

பெர்னதெத் அக்காவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாலக்கரையிலிருந்து தினமும் பஸ் மாறிப் போய் வந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். ஸ்டெல்லாவின் புருஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் ஜெனியை வளர்த்ததில் பாதி அக்காதான். ஹாஸ்டலில் வெந்ததும் வேகாததுமாகத் தின்றுகொண்டிருந்த எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு ஊற்றியதும் அவர்தான். அக்காவுக்கு முகத்தில் வெண்புள்ளி. வாயைச் சுற்றி ஆரம்பித்து, ஒரு கண்ணிமை, அப்புறம் நெற்றியில் பாதி என்று பரவியிருந்தது. அந்த எண்ணெய் தடவு, இந்தப் பவுடர் போடு என்று யாராவது ஆரம்பித்தால், “என் மூஞ்சி எனக்கு உறுத்தலை. உனக்கு உறுத்துனா நீ அந்தப் பக்கம் திரும்பிக்க” என்பார். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. ஆனால் அதை எடுத்துவிட்டு யார் பார்த்தார்கள்?

விமான நிலையத்துக்கு வெளியே வந்து ஆப்பில் டாக்சி போட்டேன். கார் இதோ வருகிறது, இதோ வருகிறது என்று காட்டிவிட்டு, எனக்குப் பின்னாலிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றது. “நான் லொகேஷன்லதாங்க நிக்கிறேன், நீங்கதான் தப்பா நிக்கிறீங்க” என்று சொல்லி டிரைவர் ரத்து பண்ணிவிட்டார். கண்ணால் பார்ப்பதற்கு மதிப்பில்லை என்பது அங்கேயே உறைத்திருக்கவேண்டும். பிறகு நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியில் ஏறினேன். அந்த டிரைவர் ஸ்டியரிங் பக்கத்தில் போனை மாட்டி, பரோட்டா சாப்பிடும் ஒருவனின் வீடியோவை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார்.

தெருவில் பந்தல் போட்டிருந்தது, பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. வாசல் கதவைத் தட்டினேன், திறந்தது. எதிரே ஸ்டெல்லா. அவளைக் கட்டிக்கொண்டு, “அப்பாடா, இருக்கியாடி நீ!” என்று கத்தினேன். கத்தினேனா, சிரித்தேனா, இரண்டும்தான். அவள் என் கையை விலக்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, “அக்கா போயிட்டாடி” என்றாள்.

அவளுக்குப் பின்னால் கூடத்தில் ஐஸ் பெட்டி இருந்தது. கண்ணாடிக்கு அடியில் பெர்னதெத் அக்கா. இமையில் வெள்ளை, நெற்றியில் பாதி வெள்ளை, கையில் ஜெபமாலை. முந்தின நாள் விடியற்காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் ஜெனி அக்காவின் படத்தைப் புள்ளி துடைத்துப் போட்டுவிட்டாள். உலகமே பார்த்துவிட்டது. அக்காவை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

நான் மட்டும்தான் இப்படி முட்டாள்தனமாக வந்தேன் என்று நினைத்தால், அன்று பூராவும் அதேதான். தெருவில் நாலைந்து வீட்டுக்கு விஷயம் தெரியும், அவர்கள் மூலையில் உட்கார்ந்து ஜெபம் சொன்னார்கள். மற்றவர்கள் படத்தைப் பார்த்து வந்தவர்கள். ஸ்டெல்லாவோடு வேலை பார்த்தவர்கள், திண்டுக்கல் சொந்தம், கல்லூரிக் கூட்டம். வாசலில் அழுதுகொண்டே செருப்பைக் கழற்றுவார்கள். உள்ளே ஸ்டெல்லாவைக் கண்டதும் முகம் மலர்ந்துவிடும். “அப்பாடா, மாதா காப்பாத்துனாங்க!” “அப்பாடா, உயிரே வந்துச்சுங்க மேடம்!” அத்தனையும் அந்தப் பெட்டிக்கு முன்னால். அப்புறம் குரலை இறக்கி, “ஓ, அக்காவா… வயசானவங்கதானே” என்று ஒரு சம்பிரதாயத்துக்குப் பெட்டிப் பக்கம் கும்பிடுவார்கள். கொண்டுவந்த மாலையை எங்கே வைப்பது என்று ஒருவர் கையில் வைத்துக்கொண்டே நின்றார். காந்தி மார்க்கெட்டில் ஸ்டெல்லாவுக்காக வாங்கிய ரோஜா மாலை.

எங்களோடு படித்த உஷா கரூரிலிருந்து வந்திருந்தாள். ஸ்டெல்லாவின் கழுத்தில் கையைப் போட்டு ஒரு செல்ஃபி எடுத்தாள். “குரூப்ல எல்லாரும் அழுதுட்டு இருக்காங்கடி, ப்ரூஃப் அனுப்பணும்ல?” அனுப்பினாள். படத்தின் ஓரத்தில் ஐஸ் பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. என் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆடுகிற கரடி, கேக், பட்டாசு. ‘ஸ்டெல்லாவுக்கு ஆயுசு நூறு!’ ‘பார்ட்டி எப்போ?’ அக்காவைப் பற்றி ஒரு வரி கிடையாது. கவிதை எழுதியவள் அதை அழித்துவிட்டு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனை எங்கேயாவது வீசியிருப்பேன். வீசவில்லை, திரும்பிப்போக டிக்கெட் அதற்குள்தான் இருந்தது.

சாயங்காலம் எடுத்தார்கள். ஸ்டெல்லா அழவேயில்லை. அவளுக்கு எங்கே நேரம்? உயிரோடு இருப்பதற்காக வந்து கை கொடுப்பவர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துபோனாள்.

கல்லறையிலிருந்து வந்து, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த காபியும் பன்னும் சாப்பிட்ட பிறகு ஜெனியைப் பிடித்துக்கொண்டேன். “ஏம்மா, ஒரு பேரு போட்டா குறைஞ்சா போயிடும்?”

“மினிமலா இருந்தாத்தான் டீசன்ட்டா இருக்கும் ஆன்ட்டி. பழைய போஸ்டர் மாதிரி எல்லாத்தையும் போட்டுத் திணிச்சா யாரும் நின்னு பார்க்க மாட்டாங்க.”

“சரி, மூஞ்சியை ஏன் அழிச்சே?”

அவள் கண் கலங்கியது. “நான் அழிக்கலை ஆன்ட்டி, கிளீன்தான் பண்ணேன். போன வருஷம் பெரிம்மாவோட ஒரு ரீல் போட்டேன். கீழ என்னென்ன எழுதுனாங்க தெரியுமா? புள்ளி மாடுன்னு, உலக வரைபடம்னு… பெரிம்மா சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. என்னால முடியலை. செத்த அன்னைக்கும் ஒருத்தன் வந்து அப்படி எழுதக்கூடாதுன்னுதான் பண்ணேன்.”

முகத்தைக் காப்பாற்றப் போய் முகத்தையே தொலைத்திருக்கிறாள். “தப்பாயிடுச்சுன்னு ஒரு வரி போட்டுடேன்” என்றேன். “அஞ்சலிக்குக் கரெக்‌ஷன் போட்டா மீம் ஆக்கிடுவாங்க ஆன்ட்டி” என்றாள். பொய்யில்லை, ஆக்கித்தான் விடுவார்கள்.

சிங்கப்பூரில் என் அடுக்குமாடி புளோக்கில் ஒரு சீனத் தாத்தா செத்தால்கூடக் கீழ்த்தளத்தில் பெயர், வயது, என்றைக்கு எடுப்பது என்று எழுதி மாட்டிவிடுவார்கள். லிஃப்டுக்கு நிற்கிறவனுக்கும் தெரியும், போனது யார் என்று. திருச்சி மட்டும் என்ன குறைச்சலாகவா இருந்தது? நான் படித்த காலத்தில் பாலக்கரைச் சுவர் போஸ்டரில் இன்னாரின் மனைவி, இன்ன தெரு, இன்ன கோயில், இத்தனை மணி, கீழே வருந்தும் குடும்பத்தார் வரிசை என்று எல்லாம் இருக்கும். ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் ஏழாம் நாள்வரை சண்டை நடக்கும். அசிங்கமான எழுத்துதான், கண்ணை உறுத்துகிற சிவப்புதான். ஆனால் ஆள் மாறிப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் காலையில் ஸ்டெல்லா பாயிலிருந்து எழுந்ததும் சொன்னாள். “ஏழாம் நாள் பூசைக்குச் சுவர் போஸ்டர் அடிக்கணும்டி. அவ பேரோட, அவ மூஞ்சியோட. அது வரைக்கும் இந்த ஊர்ல அவ சாகவே இல்லை.”

அக்காவின் முகத்தைத் தேடினோம். ஜெனியின் போனில் படங்களுக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்துமஸ், பிறந்தநாள், வேளாங்கண்ணி. எல்லாவற்றிலும் கேமராவே முகத்தைத் துடைத்துக் கொடுத்திருந்தது. பழைய போனில் புள்ளி லேசாகத் தெரிந்தது, அடுத்ததில் மங்கல், இப்போதையதில் சுத்தமாக இல்லை. போன் மாற மாற அக்காவுக்கு நோய் குணமாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆதார் அட்டையில் இருப்பது யார் முகம் என்று ஆதாருக்கே வெளிச்சம். அக்காவின் கல்லூரிக் காலத்து ஆல்பம் இருந்தது, அதில் அக்காவுக்குப் புள்ளியே ஆரம்பிக்கவில்லை.

“மைதிலி டீச்சர்கிட்ட இருக்கும்” என்றாள் ஸ்டெல்லா. அக்காவோடு வேலை பார்த்தவர், ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. போனில் சொல்லிக் கேட்கிற விஷயமில்லை, நானே போகிறேன் என்று கிளம்பினேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன். சிங்கப்பூரில் பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று பலகை சொல்லும். இங்கே கண்டக்டர் சொன்னார், “ஏறுங்க, ஏறுங்க, பின்னாடி வண்டியே இல்லை.” பின்னாலேயே இரண்டு காலி வண்டி நின்றது. பாலத்தில் போகும்போது பஸ்ஸில் பாதிப் பேர் காவிரியைப் போன் வழியாகப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் தண்ணீரின் நிறத்தை நீலமாக்கி மகளுக்கு அனுப்பினார். எதிரே வெறும் கண்ணுக்கு அது செம்மண் நிறத்தில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. ராஜகோபுரத்தின் அடியில் தாவணி கட்டிய நாலு பெண்கள் ஒரே நாலு அடியைத் திரும்பத் திரும்ப ஆடினார்கள். அவர்கள் ஆடி முடிக்கிறவரை கோயிலுக்கு வந்தவர்கள் ஓரமாக நின்றார்கள். பசித்தது. ஒரு ஹோட்டலில் பொங்கல் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதையும் சொல்லாவிட்டால் பாவம்.

மைதிலி டீச்சர் கதவைத் திறந்ததும், அக்கா வீட்டில் முன்பு பார்த்திருந்த என்னை அடையாளம் கண்டுகொண்டார். “வாங்கோ, சிங்கப்பூர்லேர்ந்து வந்தேளா? ஐயோ, ஸ்டெல்லாவுக்கு என்ன வயசு? பகவான் இப்படிப் பண்ணிட்டானே.”

“டீச்சர், ஸ்டெல்லா நல்லா இருக்கா” என்றேன்.

“அப்பாடா! ரங்கநாதா!” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் முகம் எப்படிப் போனதோ, அவர் சிரிப்பு அப்படியே நின்றது. “அப்போ… போனது யாரு?”

சொன்னேன். அவர் அழவில்லை. மேஜையிலிருந்த போனை எடுத்து, கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்திக்கெல்லாம் நான் பெர்னதெத்துக்குத்தானே போன் பண்ணிண்டிருந்தேன். தங்கை போயிட்டாளே, அவ தனியா என்ன பண்ணுவாளோன்னு. எடுக்கவே இல்லை. துக்கத்துல இருக்கா, நாம தொந்தரவு பண்ணப்படாதுன்னு வச்சுட்டேன்.” போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “முழங்கால் வலிக்கறதுன்னு நான் அடக்கத்துக்கு வரலை. ஸ்டெல்லாதானே, அப்புறமாப் போய் பெர்னதெத்தைப் பார்த்துப்போம்னு இருந்துட்டேன்” என்றார். அதற்கப்புறம்தான் அழுதார்.

கண்ணாடி அலமாரியில் அக்கா ஓய்வுபெற்ற நாளில் எடுத்த படம் இருந்தது. மைதிலி டீச்சரின் கணவர் பிலிம் கேமராவில் எடுத்தது. கழுத்தில் சால்வை, கையில் யாரோ கொடுத்த குத்துவிளக்கு. முகத்தில் இருப்பதெல்லாம் இருந்தது. டீச்சர் அதைச் சட்டத்தோடு கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். “திருப்பித் தர வேண்டாம்” என்றார். “இல்ல, கொண்டுவந்து கொடுத்துடறோம்” என்றேன். வரும் வழியில் திருவானைக்காவலில் பஸ் வெகுநேரம் நின்றது. மடியில் சட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக் குழந்தை எட்டிப் பார்த்து, “இந்தப் பாட்டி மூஞ்சில என்ன?” என்று கேட்டது. “அதான் அவங்க மூஞ்சி” என்றேன். குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

போஸ்டர் கடையில்தான் மறுபடி கூத்து. ஜெனியும் என்னோடு வந்தாள். கடைக்காரருக்கு என் வயதிருக்கும். படத்தை ஸ்கேன் பண்ணினார், பேச்சுக்கொடுத்துக்கொண்டே கையை ஓட்டினார், நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் புள்ளிகள் போய்விட்டன.

“ஐயோ, எதுக்குங்க எடுத்தீங்க?”

“அது நாங்க ஃப்ரீயாவே பண்ணிக் குடுக்கிறதுங்க மேடம்.”

“எங்களுக்கு அது வேணுங்க. இருக்கிறபடியே விடுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “சாவு போஸ்டருங்க. அழகா இருக்க வேண்டாமா? சரி, உங்களுக்கு வெள்ளை பிடிச்சிருந்தா சொல்லுங்க, மூஞ்சி மொத்தத்தையும் அதே வெள்ளைக்குக் கொண்டுவந்துடறேன். பாதி பாதியா இருந்தாத்தானே கஷ்டம்?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஜெனிதான் பேசினாள். “அண்ணா, எந்திரிங்க, நானே பண்றேன்.” அவர் இடத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் தொடாமல் படத்தை வைத்தாள். மேலே கறுப்புப் பட்டை. கண்ணீர் அஞ்சலி. திருமதி அல்ல, செல்வி பெர்னதெத், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. தெரு, கதவு எண், பூசை நேரம். எழுத்து ஒவ்வொன்றும் விரல் கனம். காலி இடமே இல்லை. முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தவள், “ஆபீஸ்ல பார்த்தா சிரிப்பாங்க” என்றாள். அப்புறம் சேவ் பண்ணினாள்.

வீட்டுக்கு வந்தால் ஸ்டெல்லா அக்காவின் போனை சார்ஜில் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “இதைப் பாருடி” என்று நீட்டினாள். மைதிலி டீச்சரின் தவறிய அழைப்புகள். பழைய மாணவர்கள், பங்கு மக்கள், சொந்தங்கள். ‘டீச்சர், மனசைத் தேத்திக்கங்க.’ ‘பெர்னதெத் அக்கா, தங்கச்சி ஆன்மா சாந்தியடைய ஜெபிக்கிறோம்.’ ‘சாப்பிடாம இருக்காதீங்க.’ செத்தவளுக்கே ஆறுதல் சொல்லியிருந்தார்கள். விரலால் தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் என்னுடையது இருந்தது. ‘நீங்க உடைஞ்சா ஜெனியை யார் பாத்துக்குவா?’ என் போனை எடுத்துப் பார்த்தேன், அதற்குக் கீழே படித்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்திருந்தது. “நான்தான் திறந்தேன்” என்றாள் ஸ்டெல்லா. பிறகு அவள், நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். “எனக்காகத்தானேடி எல்லாரும் வந்தீங்க. அவளுக்குன்னு ஒரு நாய்கூட வரலைடி.”

மூன்றாம் நாள் காலையில் போஸ்டர் வந்தது. முதல் போஸ்டரை வீட்டுச் சுற்றுச்சுவரில் ஸ்டெல்லாவே பசை தடவி ஒட்டினாள். எனக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. இந்தத் தடவை ஆப் வேண்டாம் என்று முனை ஸ்டாண்டுக்குப் போன் பண்ணி ஆட்டோ வரச்சொன்னோம். வந்தவர் சேகர். ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்காவை சர்ச்சுக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தானாம். அடக்கத்தன்று ராத்திரியே லால்குடியில் மாமியார் வீட்டுக்குப் போனவர், நான் கிளம்பிய அன்று காலையில்தான் திரும்பியிருக்கிறார்.

வண்டியை நிறுத்தினார். சுவருக்குப் பக்கத்தில் கையில் பசையோடு நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார். நான் அந்தச் சொல்லுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சொல்லவில்லை. பார்வை அவள்மேல் நிற்கவேயில்லை, நேராகச் சுவருக்குப் போனது. “அய்யோ, டீச்சரா?” என்றார். வண்டியை அணைக்காமலே இறங்கிவந்தார். “டீச்சரா போனாங்க?”

ஸ்டெல்லா தலையசைத்தாள்.

“ஸ்டேட்டஸ்ல உங்க போட்டோன்னு நினைச்சுட்டேம்மா. வேன் போகும்போது நான் முனையிலதான் நின்னேன். வண்டியை நகத்தி வழி விட்டேன். தங்கச்சி போயிட்டாளே, டீச்சர் எப்படி அழுதுட்டு உட்காந்திருக்காங்களோன்னு, பின்னாடி வந்த கார்ல எல்லாம் அவங்களைத்தாம்மா தேடிட்டு இருந்தேன்.”

சுவரோரம் அப்படியே குந்தி உட்கார்ந்து, துண்டை வாயில் அழுத்திக்கொண்டார். ஸ்டெல்லா பசைக் கையோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆட்டோ ஓடிக்கொண்டே நின்றது. விமானத்துக்கு நேரமாகிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.